நான்கு சுவர்களுக்குள் ஒரு சாம்பியன் பந்தயம்

விளையாட்டுக்களின் விதிகளை இயற்றுபவர் யார் என்று கேட்டால், அந்தந்த விளையாட்டுக்குரிய சங்கத்தார் கூடிப் பேசி இயற்றுகின்றனர் என்பதே எவரும் கூறும் விடையாகும். அவ்விடை பெரும்பாலும் சரியானதே. எனினும், சங்கத்தார் கூடுவதற்கு முன்பே ஒரு பனிப்புயலும் ஒரு கட்டடத்தின் சுவரும் சேர்ந்து புதிய விதிகளை இயற்றிவிடுவதும் உண்டு. 1932ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 18ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை இரவு, அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் அத்தகைய நிகழ்ச்சி ஒன்று நடைபெற்றது. திறந்த வெளியில் ஆட வேண்டிய கால்பந்துப் பந்தயம் அன்று கூரையின் கீழ் ஆடப்பட்டது. அந்த ஓர் இரவின் நெருக்கடியில் செய்துகொண்ட ஏற்பாடுகள் அவ்விளையாட்டின் போக்கையே மாற்றின. அன்று தோற்ற சிறு நகரமோ, பின்னர்த் தன் கோஷ்டியையே இழந்தது. இவ்விரண்டையும் ஒருசேர எண்ணிப் பார்ப்பதே இப்பேச்சின் நோக்கமாகும்.

அமெரிக்கக் கால்பந்து என்பது நாம் அறிந்த கால்பந்து அன்று; ரக்பி ஆட்டத்தின் வழியில் பிறந்தது. கொல்கத்தாவிலும் மும்பையிலும் வசிக்கும் நேயர்களிற் சிலர் ரக்பி ஆட்டத்தை நேரில் கண்டிருக்கக்கூடும். அதைப் போலவே இங்கும் பந்து உருண்டையாக இராது. இரு முனைகளும் கூராக நீண்டிருக்கும். அதைக் கையில் ஏந்தி ஓடுவதே ஆட்டத்தின் பெரும் பகுதி. காலால் உதைப்பது சில சமயங்களில் மட்டுமே. ஒவ்வொரு பக்கத்திலும் பதினொருவர் ஆடுவர். மைதானம் ஒரு கோல் கோட்டிலிருந்து மற்றொரு கோல் கோடு வரை 100 கஜம் நீளம் கொண்டது. ஒவ்வொரு கோல் கோட்டிற்கும் அப்பால் 10 கஜம் ஆழமுள்ள இறுதிக் களம் உண்டு. அகலம் 53 கஜத்திற்குச் சற்று அதிகம்.

பந்தை வைத்திருக்கும் கோஷ்டிக்கு நான்கு முயற்சிகள் அளிக்கப்படும். அந்நான்கிற்குள் அவர்கள் 10 கஜமாவது முன்னேற வேண்டும். முன்னேறினால் புதிதாக நான்கு முயற்சிகள் கிடைக்கும். இல்லையேல் பந்து எதிரியிடம் சென்றுவிடும். பந்தை ஏந்திக்கொண்டு எதிரியின் கோல் கோட்டைக் கடந்தாலும், அல்லது கோட்டிற்கு அப்பால் நின்று எறியப்பட்ட பந்தைப் பிடித்தாலும், அதற்கு ‘டச்டவுன்’ என்று பெயர். ஆறு புள்ளிகள் கிடைக்கும். அதன்பின் ஒருமுறை கோல் கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்துச் செலுத்தினால் மேலும் ஒரு புள்ளி. டச்டவுன் கிட்டாதபோது, தூரத்திலிருந்தே கம்பங்களுக்கிடையே உதைத்தால் ‘பீல்ட் கோல்’. அதற்கு மூன்று புள்ளிகள். ஒரு கோஷ்டி தன்னுடைய இறுதிக் களத்திலேயே பந்தைத் தவறவிட்டு வெளியே போக்கிவிட்டால், எதிரிக்கு இரண்டு புள்ளிகள். இவ்வளவு தெரிந்தால் அன்றைய பந்தயத்தைத் தொடர்ந்து செல்லப் போதுமானது.

அமெரிக்காவின் தொழில்முறைக் கால்பந்து லீக் 1920ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. இன்று கோடிக்கணக்கான டாலர்கள் புரளும் அந்த ஸ்தாபனம் 1932இல் இருந்த நிலை இரங்கத்தக்கது. பொருளாதார மந்தம் நாட்டை வாட்டிக்கொண்டிருந்தது. வேலையற்றோர் உணவுக்கு வரிசையில் நின்ற காலத்தில், பந்தயத்திற்கு டிக்கட் வாங்குவோர் எத்தனை பேர்? லீக்கில் அவ்வாண்டு எஞ்சியிருந்தவை எட்டே கோஷ்டிகள். அதன் வரலாற்றில் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு குறைந்த எண்ணிக்கை இருந்ததில்லை. கல்லூரி மாணவர்களின் ஆட்டத்தையே பொதுமக்கள் பெரிதாக மதித்தனர். கூலிக்கு ஆடுவோரின் ஆட்டம் இரண்டாந்தரமாகவே கருதப்பட்டது.

அதனினும் பெரிய குறை ஒன்றிருந்தது. ஆட்டங்கள் புள்ளிகளின்றி வறண்டு கிடந்தன. சிகாகோ பேர்ஸ் என்னும் கோஷ்டியையே எடுத்துக்கொள்வோம். ‘பேர்ஸ்’ என்றால் கரடிகள். அவ்வாண்டில் அவர்களுடைய முதல் மூன்று பந்தயங்களும் பூஜ்யத்திற்குப் பூஜ்யம் என்று வெற்றி தோல்வியின்றி முடிந்தன. நான்காம் பந்தயத்தில் இரண்டுக்குப் பூஜ்யம் என்ற கணக்கில் அவர்கள் தோற்றனர். நான்கு பந்தயங்கள் ஆடி ஒரு புள்ளியும் எடுக்காத கோஷ்டி, எதிரிகளுக்கும் மொத்தத்தில் இரண்டே புள்ளிகள் கொடுத்திருந்தது! இத்தகைய ஆட்டத்தைக் காணக் குளிரில் வந்து அமர்பவர் எவ்வளவு காலம் அமர்வர்?

சாம்பியன் பட்டம் வழங்கும் முறையும் விசித்திரமானது. இறுதிப் பந்தயம் என்று ஒன்று அக்காலத்தில் இல்லை. வெற்றிகளையும் தோல்விகளையும் கூட்டி, அவற்றுள் வெற்றியின் விகிதம் எவ்வளவு என்று பார்ப்பர். விகிதம் மிகுந்தவருக்குப் பட்டம். சமமாக முடிந்த பந்தயங்கள் ஆடப்படாதவை போலக் கணக்கினின்று நீக்கப்பட்டன. பருவத்தின் முடிவில் சிகாகோ பேர்ஸ் 6 வெற்றி, 1 தோல்வி, 6 சமம் என்று நின்றது. ஒஹையோ மாநிலத்துப் போர்ட்ஸ்மத் ஸ்பார்ட்டன்ஸ் கோஷ்டி 6 வெற்றி, 1 தோல்வி, 4 சமம் என்று நின்றது. சமங்களை நீக்கினால் இருவருக்கும் ஏழில் ஆறு, விகிதம் ஒன்றே. இவ்விருவரும் அப்பருவத்தில் இருமுறை மோதியிருந்தனர். அவ்விரு பந்தயங்களும்கூடச் சமமாகவே முடிந்திருந்தன.

கிரீன் பே பாக்கர்ஸ் என்னும் கோஷ்டி 1929, 1930, 1931 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து பட்டம் பெற்றது. 1932இல் அது வென்ற பந்தயங்கள் பத்து; தோற்றவை மூன்று; சமம் ஒன்று. பத்து வெற்றி பெற்றவர் ஆறு வெற்றி பெற்றவர்களுக்குப் பின்னால் நிற்க நேர்ந்தது. 1972ஆம் ஆண்டு முதல் அந்த லீக்கில், சமமான பந்தயத்தை அரை வெற்றியாகவும் அரைத் தோல்வியாகவும் கணக்கிடுகின்றனர். அக்கணக்கை 1932க்குப் பொருத்திப் பார்த்தால், பதினான்கில் பத்தரை பெற்ற கிரீன் பேயே முதலிடம் பெற்றிருக்கும். ஆனால் ஆடுவோர் தம் காலத்து விதிகளுக்கு உட்பட்டே ஆடுகின்றனர். அன்றியும், பருவத்தின் கடைசி இரு வாரங்களில் கிரீன் பே கோஷ்டி போர்ட்ஸ்மத்திடமும் சிகாகோவிடமும் அடுத்தடுத்துத் தோற்றது என்பதையும் மறத்தல் ஆகாது. அவ்விரண்டிலும் வென்றிருந்தால், அன்றைய கணக்குப்படியே பட்டம் அதற்குச் சென்றிருக்கும்.

சிகாகோவும் போர்ட்ஸ்மத்தும் சமமாக நின்றமையால், மேலும் ஒரு பந்தயம் ஆடிப் பட்டத்தைத் தீர்மானிப்பது என்று முடிவாயிற்று. சிகாகோவின் ரிக்லி பீல்ட் என்னும் திறந்த மைதானத்தில், டிசம்பர் 18ஆம் தேதி ஆடுவதாக ஏற்பாடு. ஆனால் சிகாகோவின் குளிர்காலம் எவருடைய ஏற்பாட்டையும் மதிப்பதில்லை. மிச்சிகன் ஏரியின் மேலாக வரும் காற்று எலும்பை உறைய வைப்பது. அந்த வாரத்தில் பனிப்புயல் வீசியது, கடுங்குளிர் நிலவியது. முந்திய ஞாயிறன்று கிரீன் பேயுடன் ஆடிய பந்தயமும் பனியின் நடுவிலேயே நடந்திருந்தது. மறுபடியும் அப்படி ஆடினால் ஆட்டக்காரர்கள் வருவர். பார்ப்பவர் வருவரோ என்பது ஐயமாயிற்று.

சிகாகோ கோஷ்டியின் உரிமையாளர் ஜார்ஜ் ஹாலஸ். லீக் தோன்றிய நாள் முதல் அதில் இருந்தவர். கோஷ்டியை நடத்துவதில் வந்த நஷ்டங்களையும் நன்கு அறிந்தவர். அவருக்கு ஒரு பழைய நிகழ்ச்சி நினைவிற்கு வந்தது. 1930ஆம் ஆண்டு டிசம்பரில், வேலையற்றோர் நிவாரண நிதிக்காக அவருடைய கோஷ்டியும் அதே நகரத்துக் கார்டினல்ஸ் கோஷ்டியும் சிகாகோ ஸ்டேடியம் என்னும் மூடிய அரங்கத்தினுள் ஒரு காட்சிப் பந்தயம் ஆடியிருந்தன. அதே அரங்கத்தில் இப்பந்தயத்தையும் நடத்தலாம் என்று அவர் கருதினார். போர்ட்ஸ்மத்தாரும் இசைந்தனர்.

சிகாகோ ஸ்டேடியம் 1929இல் திறக்கப்பெற்ற பேரரங்கம். அங்கே பனித்தரை ஹாக்கியும் குத்துச்சண்டையும் நடைபெறுவது வழக்கம். அதே 1932ஆம் ஆண்டு கோடையில், அமெரிக்காவின் இரு பெரிய அரசியற் கட்சிகளும் தங்கள் தேசிய மாநாடுகளை அங்கேதான் நடத்தின. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் முதன்முறையாக ஜனாதிபதி வேட்பாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, விமானத்தில் பறந்துவந்து ஏற்புரை நிகழ்த்திய மண்டபமும் அதுவே. கால்பந்துக்கு முன் அங்கே நடந்தது ஒரு சர்க்கஸ். யானைகளுக்கும் குதிரைகளுக்கும் ஏற்றவாறு சிமெண்டுத் தரையின் மேல் மண் பரப்பப்பட்டிருந்தது. சர்க்கஸ் சென்றது, மண் நின்றது. அம்மண்ணே அன்று கால்பந்து மைதானம் ஆயிற்று. விலங்குகள் விட்டுச் சென்ற வாடையும் உடன் நின்றது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இனி அந்த அரங்கத்தின் அளவைக் கவனிப்போம். இறுதிக் களங்களையும் சேர்த்து 120 கஜம் இருக்க வேண்டிய நீளம், அங்கே 80 கஜத்துக்கே இடம் கொடுத்தது. அகலமும் 45 கஜமாகச் சுருங்கியது. பக்கக் கோட்டிற்கு அப்பால் ஒதுங்கி நிற்க இடமில்லை; கோடு முடிந்த இடத்தில் சுவர் தொடங்கிற்று. எருதைப் போன்ற உடல் வலிமை கொண்ட மனிதர்கள் முழு வேகத்தில் ஓடி மோதும் ஆட்டம் இது. சுவரருகே பந்தை வைத்து ஆட்டத்தைத் தொடங்கினால் மண்டை உடைவது திண்ணம். எனவே சில ஏற்பாடுகளைச் செய்துகொண்டனர்.

முதலாவது, சுவரோரத்தில் ஆட்டம் நின்றால், அடுத்த முயற்சியை அவ்விடத்திலிருந்து தொடங்காமல், சுவரிலிருந்து 10 கஜம் உள்ளே பந்தைக் கொணர்ந்து வைத்துத் தொடங்குவது. அதற்கென மண்ணில் தனிக் கோடுகள் குறிக்கப்பட்டன. இரண்டாவது, இறுதிக் களத்தின் பின் எல்லையில் இருக்க வேண்டிய கோல் கம்பங்களை முன்னே கொணர்ந்து கோல் கோட்டின் மீதே நிறுத்துவது. இவை ஆராய்ச்சி செய்து கண்ட சீர்திருத்தங்கள் அல்ல. இடமின்மையால் அன்று மாலைக்கென்று செய்துகொண்ட சமாதானங்கள். பெரு நகரங்களில் ஒற்றை அறையில் குடித்தனம் நடத்துவோர் இதை எளிதில் உணர்வர். எப்பொருளை எங்கே வைப்பது என்னும் ஒழுங்கு, விசாலமான வீட்டைவிடச் சிறிய அறையிலேதான் முதலில் பிறக்கிறது.

போர்ட்ஸ்மத் கோஷ்டியின் நிலையை இங்குச் சொல்ல வேண்டும். ஒஹையோ நதிக்கரையில் எஃகும் காலணியும் செய்து பிழைத்த சிறு நகரம் அது. மக்கட்தொகை நாற்பதினாயிரத்தைச் சற்றே தாண்டியது. அத்தகைய நகரம் நியூயார்க், சிகாகோ போன்ற மாநகரங்களுக்கு ஈடாக ஒரு கோஷ்டியை நிறுத்தியதே வியப்பு. அந்த டிசம்பர் 4ஆம் தேதி, மும்முறை சாம்பியனான கிரீன் பேயை அவர்கள் 19க்குப் பூஜ்யம் என்று முறியடித்தனர். அன்று பயிற்சியாளர் பாட்ஸி கிளார்க் ஒருவரையும் மாற்றாமல், அதே பதினொரு வீரர்களை அறுபது நிமிஷமும் ஆடச் செய்தார். அந்த ஆட்டத்தை ‘இரும்பு மனிதர் பந்தயம்’ என்று இன்றும் நினைவு கூர்கின்றனர்.

ஆனால் சிகாகோவிற்கு வந்தபோது அப்பதினொருவரில் தலைசிறந்தவர் உடன் வரவில்லை. அவர் ஏர்ல் கிளார்க். ‘டச்சு கிளார்க்’ என்பது வழக்குப் பெயர். ஒரு கண்ணின் பார்வை பெரிதும் குன்றியிருந்தும், அவ்வாண்டு லீக்கில் மிகுதியான புள்ளிகள் எடுத்தவர் அவரே. ஓடுவது, எறிவது, உதைப்பது என்னும் மூன்றிலும் அவர் வல்லவர். பருவம் முடிந்தவுடன் கொலராடோ கல்லூரியில் கூடைப்பந்துப் பயிற்சியாளர் வேலைக்குச் செல்வதாக அவர் ஒப்புக்கொண்டிருந்தார். எதிர்பாராமல் வந்த இந்தக் கூடுதல் பந்தயத்திற்காக அந்த வேலையை விட்டுவர இயலவில்லை. நாட்டின் முதன்மையான கால்பந்து வீரர், சாம்பியன் பந்தயத்தன்று மாணவர்களுக்குக் கூடைப்பந்து கற்பிக்கச் சென்றிருந்தார் என்றால், அக்காலத்துத் தொழில்முறை ஆட்டத்தின் ஊதியம் எத்தகையது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

பந்தயத்தைக் காண 11,198 பேர் வந்தனர். வெளியே பனி, உள்ளே வெளிச்சமும் வெப்பமும். முதல் கால் பகுதியில் எவருக்கும் புள்ளி இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதிலும் இல்லை. இளகிய மண்ணில் கால் ஊன்றித் திரும்புவது கடினமாக இருந்தது. குறுகிய களத்தில் தடுப்பவர் நெருக்கமாக நின்றமையால் ஓடுபவருக்கு வழி கிடைக்கவில்லை. பருவம் முழுவதும் கண்ட பூஜ்யமே இங்கும் முடிவோ என்று தோன்றியிருக்க வேண்டும்.

நான்காம் பகுதியில் திருப்பம் நேர்ந்தது. போர்ட்ஸ்மத் வீரர் ஏஸ் குடோவ்ஸ்கி முன்னோக்கி எறிந்த பந்தைச் சிகாகோவின் டிக் நெஸ்பிட் இடையிலே பறித்தார்; பறித்த வேகத்தில் ஓடி, எதிரியின் கோல் கோட்டிற்குப் பத்து கஜத்துக்குள் சென்றுவிட்டார். இனிச் சிகாகோவின் முறை. அவர்களிடம் ப்ராங்கோ நகர்ஸ்கி என்னும் வீரர் இருந்தார். கனடாவில் பிறந்து மின்னஸோட்டா மாநிலத்தில் வளர்ந்தவர். ஆறடி இரண்டங்குல உயரம். அவர் தலையைக் குனிந்துகொண்டு ஓடிவந்தால் தடுக்க முற்படுவோர் சிதறுவர். அவரிடம் பந்தைக் கொடுத்துக் கோட்டை உடைக்க முயன்றனர். போர்ட்ஸ்மத்தார் மலை போல் நின்றனர். கோடு நெருங்கியது, ஆனால் கடக்கக் கூடவில்லை. நான்காவது முயற்சி வந்தது. அதுவே கடைசி. கோட்டிற்கு இன்னும் இரண்டு கஜம்.

மறுபடியும் நகர்ஸ்கியிடமே பந்து வந்தது. எல்லோரும் எதிர்பார்த்தபடியே அவர் முன்னோக்கிப் பாய்ந்தார். தடுப்பவர் அனைவரும் நடுவில் குவிந்தனர். திடீரென்று அவர் நின்றார், சற்றுப் பின்வாங்கினார், எகிறிக் குதித்துப் பந்தை அவர்கள் தலைக்கு மேலாக எறிந்தார். கோட்டிற்கு அப்பால் தனியே நின்றிருந்த ரெட் கிரேஞ்ச் அதைப் பிடித்தார். டச்டவுன்! இந்தக் கிரேஞ்ச் சாதாரணமானவர் அல்லர். 1924இல் இல்லினாய் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது, ஒரே பந்தயத்தின் முதற் பன்னிரண்டு நிமிஷத்திற்குள் நான்கு டச்டவுன்கள் எடுத்து நாட்டையே வியக்க வைத்தவர். 1927இல் முழங்காலில் அடிபட்ட பின் பழைய வேகம் இல்லை. எனினும் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கத் தெரிந்திருந்தார்.

உடனே பயிற்சியாளர் பாட்ஸி கிளார்க் சீறி எழுந்தார். அக்காலத்து விதி யாதெனில், பந்தை முன்னோக்கி எறிபவர் ஆட்டம் தொடங்கும் கோட்டிற்கு ஐந்து கஜமாவது பின்னால் இருக்க வேண்டும் என்பது. நகர்ஸ்கி அவ்வளவு பின்னால் செல்லவில்லை, எனவே அந்த எறி செல்லாது என்று அவர் வாதிட்டார். நடுவர் பாபி கான் செவிசாய்க்கவில்லை, டச்டவுன் நின்றது. அதைத் தொடர்ந்து உதையினால் மேலும் ஒரு புள்ளி. பின்னர் போர்ட்ஸ்மத்தார் தங்கள் இறுதிக் களத்திலிருந்து பந்தை உதைக்க முயன்றபோது அது கை தவறி வெளியே சென்றது, இரண்டு புள்ளிகள். ஒன்பதுக்குப் பூஜ்யம் என்று சிகாகோ வென்றது, பட்டமும் பெற்றது.

போர்ட்ஸ்மத்தின் வாதம் நியாயமானதா? ஐந்து கஜம் என்பதைக் குழப்பத்தின் நடுவே கண்ணால் அளப்பது எவருக்கும் அரிது. நடுவரின் சொல்லே முடிவு என்பது விளையாட்டின் அடிப்படை. ஆயினும் அத்தோல்வியின் விலை பெரிது. அப்பந்தயம் பருவத்தின் கணக்கிலேயே சேர்க்கப்பட்டமையால், அவர்களுடைய தோல்விகள் இரண்டாயின, விகிதம் குறைந்தது. காலையில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டிருந்த கோஷ்டி, இரவில் கிரீன் பேக்கும் பின்னால் மூன்றாமிடத்திற்கு இறங்கியது. இறுதிப் பந்தயத்தில் தோற்றவர் இரண்டாமவர் என்னும் ஆறுதல்கூட அவர்களுக்குக் கிட்டவில்லை.

ஆனால் லீக்கின் உரிமையாளர்கள் அந்த இரவில் ஒன்றைக் கண்டுகொண்டனர். பட்டத்தை ஒரே பந்தயத்தில் தீர்மானித்தால் மக்கள் ஆர்வத்துடன் கவனிக்கின்றனர். எனவே 1933இல் கோஷ்டிகளைக் கிழக்கு, மேற்கு என இரு பிரிவாக வகுத்து, பிரிவுகளின் முதல்வர்கள் இறுதியில் மோத வேண்டும் என்று விதித்தனர். அதுவரையில் கல்லூரிகளின் விதிப் புத்தகத்தையே பின்பற்றி வந்தவர்கள், அவ்வாண்டு தாமே விதிகளை மாற்றத் துணிந்தனர்.

அம்மாற்றங்கள் எவை என்று பாருங்கள். மைதானத்தின் ஓரத்தில் ஆட்டம் நின்றால் பந்தைப் பக்கக் கோட்டிலிருந்து 10 கஜம் உள்ளே வைத்துத் தொடங்க வேண்டும். சுவருக்கு அஞ்சிச் செய்த ஏற்பாடு, சுவரே இல்லாத மைதானத்திற்கும் விதியாயிற்று! காரணம் எளிது. ஓரத்திலிருந்து ஆட்டம் தொடங்கினால் ஒரு பக்கம் ஓட வழியே இராது. பந்தை நடுவிற்குக் கொண்டுவருவதற்கென்றே நான்கு முயற்சிகளில் ஒன்றை வீணாக்க வேண்டியிருக்கும். சிகாகோவின் சுவர் இந்தக் குறையைக் கண்முன் நிறுத்தியது. அடுத்து, கோல் கம்பங்கள் கோல் கோட்டிற்கே வந்தன. உதைக்க வேண்டிய தூரம் 10 கஜம் குறைந்தது. பீல்ட் கோல்கள் பெருகின. பூஜ்யத்தில் முடியும் பந்தயங்கள் அருகின. மூன்றாவதாக, ஐந்து கஜ விதி நீக்கப்பட்டது. தொடக்கக் கோட்டிற்குப் பின்னால் எவ்விடத்திலிருந்தும் பந்தை முன்னோக்கி எறியலாம் என்றாயிற்று. முன்பெல்லாம் ஒருவர் ஐந்து கஜம் பின்வாங்கினாலே எறியப் போகிறார் என்று எதிரி அறிந்துகொள்வான். இப்போது ஓடுவாரா, எறிவாரா என்பது கடைசி நொடி வரையில் தெரியாது. வழக்குக்குரியதாக இருந்த நகர்ஸ்கியின் எறி, மறு ஆண்டில் சட்டத்திற்குட்பட்டதாகிவிட்டது.

இம்மாற்றங்களின் பயன் உடனே தெரிந்தது. 1933ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் தேதி, முதலாவது முறைப்படியான இறுதிப் பந்தயத்தில், சிகாகோ பேர்ஸ் நியூயார்க் ஜயண்ட்ஸை 23க்கு 21 என்ற கணக்கில் வென்றது. ஓராண்டிற்கு முன் மூன்று கால் பகுதிகள் பூஜ்யத்தில் கழிந்த இடத்தில், இப்போது நாற்பத்து நான்கு புள்ளிகள்! சிகாகோவின் 23 புள்ளிகளில் 9, ஜாக் மாண்டர்ஸ் என்பவர் உதைத்த மூன்று பீல்ட் கோல்களால் வந்தவை. வெற்றி தந்த கடைசி டச்டவுனும் நகர்ஸ்கி எறிந்த பந்திலிருந்தே தொடங்கியது. கம்பங்களை முன்னே கொணர்ந்த விதியும், எறிதலுக்கு விடுதலை தந்த விதியும் அன்று கைமேல் பலன் அளித்தன.

போர்ட்ஸ்மத் என்ன ஆயிற்று? மந்தத்தின் சுமையைச் சிறு நகரம் தாங்கவில்லை. 1934இல் டெட்ராய்ட் நகரத்து வானொலி நிலைய உரிமையாளரான ஜார்ஜ் ரிச்சர்ட்ஸ் ஏறக்குறைய 8,000 டாலருக்கு அக்கோஷ்டியை விலைக்கு வாங்கி, டெட்ராய்ட் லயன்ஸ் என்று பெயரிட்டார். அவ்வாண்டு நவம்பரில், நன்றி நவிலும் திருநாளன்று, சிகாகோ பேர்ஸுடன் லயன்ஸ் ஆடிய பந்தயத்தை 94 வானொலி நிலையங்கள் வழியாக நாடெங்கும் ஒலிபரப்பச் செய்தார். திருநாளன்று டெட்ராய்ட்டில் கால்பந்து ஆடும் வழக்கம் அதிலிருந்தே வேரூன்றியது. மறு ஆண்டு, 1935இல், லயன்ஸ் சாம்பியன் பட்டத்தையும் வென்றது. பயிற்சியாளர் அதே பாட்ஸி கிளார்க். முன்னணி வீரர் அதே டச்சு கிளார்க். குடோவ்ஸ்கியும் அவர்களுடன் இருந்தார். 1932இல் கை நழுவிய பட்டம் அம்மனிதர்களுக்குக் கிட்டிவிட்டது. ஆனால் போர்ட்ஸ்மத்திற்குக் கிட்டவில்லை. நதிக்கரையில் அவர்கள் ஆடிய மைதானம் மட்டும் ‘ஸ்பார்ட்டன்’ என்னும் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கூரையின் கீழ் கால்பந்து என்பது அன்று தவிர்க்க முடியாத இடர்ப்பாடு. பின்னர் அது விரும்பி ஏற்ற வசதி ஆயிற்று. 1965இல் ஹூஸ்டனில் ஆஸ்ட்ரோடோம் என்னும் மாபெரும் மூடிய அரங்கம் திறக்கப்பெற்றது. முழு அளவுள்ள மைதானமே அதனுள் அடங்கியது. 1978ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் தேதி, நியூ ஆர்லியன்ஸ் நகரத்துச் சூப்பர்டோமில், ‘சூப்பர் பௌல்’ எனப்படும் இறுதிப் பந்தயம் முதன்முறையாகக் கூரையின் கீழ் நடந்தது. டல்லாஸ் கௌபாய்ஸ் 27க்கு 10 என்று டென்வர் பிராங்கோஸை வென்றது. குறுகிய அரங்கத்தையே விரும்பித் தேர்ந்த ஆட்டமும் பிறந்தது. ஜிம் பாஸ்டர் என்பவர் வகுத்த ‘அரீனா புட்பால்’ ஆட்டத்தில் களம் 50 கஜமே, பக்கத்திற்கு எண்மரே, சுற்றிலும் மெத்தை கட்டிய சுவர். 1987இல் அதன் முதற் சாம்பியன் பந்தயத்தை டென்வர் கோஷ்டி வென்றது. இவற்றினும் பொருத்தம் ஒன்றுண்டு. போர்ட்ஸ்மத்தின் வழிவந்த டெட்ராய்ட் லயன்ஸ், 1975 முதல் கூரையிட்ட அரங்கத்திலேயே தன் சொந்தப் பந்தயங்களை ஆடி வருகிறது. ஒருநாள் கூரையின் கீழ் தோற்ற கோஷ்டிக்குக் கூரையே இருப்பிடம் ஆயிற்று.

விதிகளும் நிலைத்து நிற்பன அல்ல. கோல் கோட்டிற்கு வந்த கம்பங்கள் 1974இல் மீண்டும் பின் எல்லைக்குச் சென்றன. உதைப்பவரின் திறமை வளர்ந்து, பீல்ட் கோல் மிக மலிந்துவிட்டதே காரணம். உட்கோடுகள் இன்னும் உள்ளே நகர்ந்துள்ளன. ஆயினும் அவை இன்றும் உண்டு. தொடக்கக் கோட்டின் பின்னால் எங்கிருந்தும் எறியும் உரிமையும் உண்டு. சிகாகோ ஸ்டேடியம் மட்டும் இல்லை. 1995இல் அதை இடித்துவிட்டனர்.

நேயர்களே, இன்று தொலைக்காட்சியில் அமெரிக்கக் கால்பந்தைக் காண நேர்ந்தால், மைதானத்தின் நீளத்தில் இரு வரிசையாகச் சிறு கோடுகள் தீட்டப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். புல்வெளி இருபுறமும் விரிந்து கிடக்க, பந்தை ஏன் உள்ளே கொணர்ந்து வைக்கிறார்கள் என்று உடனிருப்பவர் கேட்கக்கூடும். அங்கே முன்பு ஒரு சுவர் இருந்தது என்று விடை கூறலாம். அச்சுவரின் பக்கத்தில், சர்க்கஸ் மண்ணின் மேல், தங்கள் தலைசிறந்த வீரர் இல்லாமல் மூன்று கால் பகுதிகள் தளராமல் நின்ற ஒரு சிறு நகரத்துக் கோஷ்டியையும் அப்போது ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள். வென்றவரின் பெயரைப் பட்டியல்கள் காத்துவரும். தோற்றவரைக் காத்துவர நம் நினைவு ஒன்றே உண்டு.